ஜவ்பரின் இடுப்பு மூட்டும் நான் எழுதாமல் விட்ட வரியும்

1. கேள்வி

ஒரு செவ்வாய்க்கிழமை எலும்பு கிளினிக்கில் டொக்டர் ஓர் எக்ஸ்ரேயை வெளிச்சப் பெட்டியில் மாட்டினார். பிறகு கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு என்னிடம் சிங்களத்தில் கேட்டார்.

"மே மனுஸ்ஸயா மொகத கரன்னே?"

இந்த மனிதர் என்ன வேலை செய்கிறார் என்பதுதான் கேள்வி. நோயாளி எங்களுக்கு எதிரே கதிரையில் ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். பெயர் ஜவ்பர் என்று வைத்துக்கொள்ளுங்கள். வயது முப்பத்துநாலு. அவருடைய கிளினிக் கார்டில் தொழில் என்ற இடத்தில் 'கடற்றொழில்' என்று இருந்தது. எழுதியது நான். அது பொய்யில்லை, ஆனால் டொக்டருக்குத் தேவையான பதிலும் அதில் இல்லை. அந்தப் பதில் நாலு மாதத்துக்கு மேலாக எனக்குத் தெரியும்.

நான் பிசியோதெரபிஸ்ட். யுத்தகாலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்து புத்தளத்துக்கு வந்து, யுத்தம் முடிந்த பிறகும் திரும்பிப் போகாமல் அங்கேயே வேலை பார்த்துப் பென்சன் எடுத்தவள். ஆஸ்பத்திரி எது என்று கேட்க வேண்டாம், கரையோரத்தில் ஒன்று. புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்கள் கார்ட் நிரப்புவதை ஒரு தண்டனை மாதிரி நினைக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். அதனால் இதை எழுதுகிறேன்.

2. எல்லாவற்றுக்கும் தேய்மானம்

டொக்டருக்குத் தமிழ் வராது. வருகிற சனத்தில் பெரும்பாலானோருக்கு டொக்டரிடம் நோய் வருத்தத்தை விளக்கிச் சொல்லும் அளவுக்குச் சிங்களம் வராது. மதுரங்குளிப் பக்கத்தார் பரவாயில்லை, கடையும் சந்தையும் சிங்களத்தில் நடத்துகிறவர்கள். கற்பிட்டிப் பக்கமிருந்து வருகிறவர்களுக்கு நான்தான் வாய். செவ்வாய்க்கிழமைகளில் என் அறையைப் பூட்டிவிட்டு டொக்டருக்குப் பக்கத்தில் போய் நிற்பேன். அது என் வேலையில்லை என்று முதல் இரண்டு வருடம் முணுமுணுத்தேன். பிறகு பழகிவிட்டது.

டொக்டர் நல்ல மனிதர், ஆனால் அவசரக்காரர். வெளியே வாங்குப் பலகையிலும் தரையிலும் சனம் இருக்கும்போது வேறு எப்படி இருப்பது? அவர் சொல்வதை நான் இன்னும் சுருக்குவேன்.

மூட்டுகளில் எலும்பும் எலும்பும் சேருமிடத்தில் வழுவழுப்பாக ஓர் உறை இருக்கிறது. கார்டிலேஜ். பாடப் புத்தகத்தில் குருத்தெலும்பு என்று இருக்கும், சனங்கள் சவ்வு என்பார்கள். அதற்கு வருகிற வருத்தங்கள் எத்தனையோ. வயதுபோக உறை கரைந்தால் ஓஸ்டியோஆர்த்ரைட்டிஸ். முழங்கால் சில்லுக்குக் கீழே உறை இளகிப்போனால் கொன்ட்ரோமலேசியா. பந்து விளையாடி முழங்காலுக்குள் இருக்கும் பிறைவடிவத் துண்டு கிழிந்தால் மெனிஸ்கஸ் டெயர். விலா எலும்பு நெஞ்செலும்போடு சேருமிடத்தில் அழற்சி வந்தால் கொஸ்டோகொன்ட்ரைட்டிஸ். இந்தக் கடைசி வருத்தத்தோடு வந்த ஓர் அம்மா, மாரடைப்பு என்று நினைத்து, தன் நகைகளை எந்த மகளுக்கு எது என்று பிரித்துக் கொடுத்துவிட்டு வந்திருந்தார். விலாவின் சவ்வில்தான் நோவு, இதயத்துக்கு ஒன்றுமில்லை என்று சொன்னபோது அவருக்குச் சந்தோஷம் வந்ததைவிடச் சங்கடம்தான் அதிகம் வந்தது.

அந்த அம்மாவுக்கு மட்டும்தான் நான் ஒழுங்காக விளக்கம் சொன்னேனோ என்னவோ. மற்ற எல்லாருக்கும் ஒரே சொல், தேய்மானம். முழங்காலா, தேய்மானம். இடுப்பா, தேய்மானம். சனத்துக்கு அது விளங்கும். மோட்டார் சைக்கிள் செயின் தேய்கிறது, செருப்பு தேய்கிறது, முழங்கால் தேய்கிறது. எண்ணெய் போட்டுக்கொண்டு போகலாம். பயப்பட மாட்டார்கள், கேள்வி கேட்க மாட்டார்கள், வரிசை நகரும்.

தேய்மானம் என்று கேட்டவர் வேலையை நிறுத்த மாட்டார் என்பதை நான் அப்போது யோசிக்கவில்லை.

3. நல்ல முழங்கால்

ஜவ்பர் முதலில் வந்தது மார்கழி மாதம், கடல் அமைதியாகத் தொடங்கிய காலம். ஊர் எத்தாளைப் பக்கம். வலது முழங்கால் நோவு என்று டொக்டரிடம் காட்டியிருந்தார். முழங்கால் எக்ஸ்ரேயில் பெரிதாக ஒன்றுமில்லை. கார்டிலேஜ் இளகத் தொடங்கியிருக்கலாம் என்று சொல்லி, அப்பியாசத்துக்கு என்னிடம் அனுப்பினார் டொக்டர்.

"தேய்மானம்தானே மிஸ்?" என்று கேட்டார் ஜவ்பர்.

"ஓம், தொடக்கம்தான்" என்றேன்.

"அல்ஹம்துலில்லாஹ். நான் வேற என்னமோண்டு பயந்துட்டேன்."

அவருடைய மனைவி நிஹாரா வெளியே வாங்கில் இருந்தாள். வருகிற நாளெல்லாம் கூட வந்தாள். ஒரு பிளாஸ்கில் தேநீர் கொண்டுவருவாள், எனக்கும் ஊற்றுவாள். என் அறைக்குள் வரமாட்டாள். ஆண்கள் படுத்திருக்கிற இடம் என்று கூச்சம்.

கட்டிலில் படுக்கவைத்து முழங்காலைப் பார்த்தேன். வீக்கமில்லை. தண்ணீர் கட்டவில்லை. சில்லு நன்றாக அசைந்தது. இவ்வளவு நல்ல முழங்காலை அந்தக் கிழமை முழுக்க நான் பார்க்கவில்லை. பிறகு, பழக்கத்தில்தான், காலை மடித்துப் பாதத்தை வெளிப்பக்கம் திருப்பினேன். அப்படித் திருப்பினால் இடுப்பு மூட்டு உள்பக்கமாகச் சுழல வேண்டும். இடது கால் சுழன்றது. வலது கால் பாதியில் நின்றது. ஜவ்பர் கட்டிலின் விளிம்பைப் பிடித்தார்.

"எங்கை நோகுது?"

அவர் வெட்கப்பட்டுக்கொண்டு கவட்டுப் பக்கத்தைக் கையால் காட்டினார்.

இடுப்பு மூட்டின் நோவு முழங்காலில் போய்த் தெரிவது புதிதல்ல. இரண்டுக்கும் ஒரே நரம்பு போகிறது. படிக்கிற காலத்தில் எங்களுக்கு முதலில் சொல்லித்தருகிற பொறிகளில் இதுவும் ஒன்று. நோவு முழங்காலில், கோளாறு இடுப்பில். இடுப்புக்கு எக்ஸ்ரே எடுத்திருக்கவேயில்லை.

4. திரைக்குள்ளே சொன்னது

என் அறையில் இரண்டு கட்டில்களுக்கும் நடுவே ஒரு பச்சைத் திரை. அந்தத் திரைக்குள்ளே சனங்கள் எதையும் சொல்வார்கள். கையும் காலும் இன்னொருவர் பிடியில் இருக்கும்போது வாய் தானாகத் திறக்கும். புருசன் அடித்தது, மகன் கடிதம் போடாதது, அயலவன் வேலி தள்ளிப் போட்டது, எல்லாம் கேட்டிருக்கிறேன். திரைக்குள்ளே சொன்னது திரைக்குள்ளேயே இருக்கும் என்பது என் அறையின் சட்டம். யாரும் எழுதிவைக்கவில்லை. நான் வைத்த சட்டம்.

"ஜவ்பர், கடலிலை என்ன வேலை? வலையோ?"

அவர் கதவுப் பக்கம் பார்த்தார்.

"அட்டைக்கி முழுகுற மிஸ்."

கடலட்டை, வெளிநாட்டுக்குச் சாப்பாட்டுக்காக ஏற்றுகிற கடற்பிராணி. யுத்தம் முடிந்த பிறகு கடல் திறந்துவிட்டது, வாங்குகிறவர்களும் வந்துவிட்டார்கள். முதுகில் காற்றுச் சிலிண்டரோடு இறங்கி, கடலின் அடியில் கையால் பொறுக்குகிற வேலை.

"எவ்வளவு ஆழம்?"

"முந்தி ஏழு பாகம், எட்டுப் பாகம். இப்ப கிட்ட ஒண்டும் இல்ல. பதினஞ்சி பாகம் போகணும். சில நாள் அதுக்கும் கூட."

ஒரு பாகம் என்றால் ஆறடி.

"ஒரு நாளைக்கு எத்தினை தரம்?"

"நாலு சிலிண்டர். கெடச்சா அஞ்சி."

"மேலை வரேக்கை நிண்டு நிண்டு வாறனீங்களோ?"

"அப்பிடித்தான் வரணும்ண்டு செல்றாங்க. காத்து முடிஞ்சிண்டா நிக்க ஏலுமா மிஸ்?"

"பிறகு நோவு வராதோ?"

"வரும். தோள்ல வரும், முட்டில வரும். அதுக்கு மருந்து கடல்தான். திரும்ப எறங்கினா விட்டுடும். கரைல வெச்சி நோவுதுண்டா, அடுத்த நாள் கொஞ்சம் ஆழத்துல போய் இரிந்துட்டு வருவோம். எங்கட ஆக்கள் எல்லாரும் அப்பிடித்தான்."

அவர் அதைச் சாதாரணமாகச் சொன்னார், தலையிடிக்குக் கொத்தமல்லி அவித்துக் குடிப்பதைப் பற்றிச் சொல்கிற மாதிரி. எனக்கு ஒன்று நினைவுக்கு வந்தது. படித்த காலத்துப் புத்தகத்தில் ஒரேயொரு வரி: ஆழத்தில் அழுத்தத்துக்குள் வேலை செய்கிறவர்களுக்கு எலும்பு சாகலாம். பரீட்சைக்கு வராது என்று நாங்கள் கோடுகூடப் போடாத வரி.

விஷயம் இதுதான். ஆழத்தில் சுவாசிக்கிற காற்றில் ஒரு பகுதி உடம்புக்குள் கரைந்து நிற்கும். அவசரமாக மேலே வந்தால் அது குமிழாக வெடிக்கும், சோடாப் போத்தலைத் திறந்த மாதிரி. திரும்ப இறங்கினால் குமிழ் சுருங்கும், நோவு போய்விடும். அதனால்தான் அவர்கள் அதை மருந்து என்கிறார்கள். ஆனால் மறுபடி மேலே வரும்போது இன்னும் குமிழ். அவை எலும்புக்குள் போகிற மெல்லிய இரத்தக் குழாய்களை அடைத்துவிடும். தொடையெலும்பின் உருண்டைத் தலை கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துப்போகும். மேலே இருக்கிற கார்டிலேஜ் அப்படியே இருக்கும். அதற்கு இரத்தம் தேவையில்லை, மூட்டுக்குள் இருக்கிற நீரிலேயே வாழும். உப்பளத்தில் மேலே வெள்ளையாக உறைந்து கீழே சேறாக இருக்குமே, அந்த மாதிரி. கால் வைக்கும்வரை தெரியாது.

இவ்வளவும் அன்றைக்கு எனக்கு இந்த ஒழுங்கில் தெரிந்திருந்தது என்று சொல்லமாட்டேன். ஆனால் டொக்டரிடம் ஓடிப்போய்ச் சொல்லப் போதுமான அளவு தெரிந்திருந்தது.

நான் பேனையை எடுத்தேன். ஜவ்பர் எழும்பி உட்கார்ந்தார்.

"மிஸ், அத எழுதாதீங்க. இங்க வேல செய்றவங்கள்ல பாதிப் பேர் எங்கட ஊராக்கள். துண்டுல எழுதினா பின்னேரத்துக்குள்ள மொதலாளிட காதுக்குப் போயிடும். கால் சரியில்லாதவன யாரும் படகுல ஏத்த மாட்டாங்க. என்ட எடத்துக்கு நாளைக்கே வேற ஆள் நிக்கும்."

"எழுதாட்டில் டொக்டருக்குத் தெரியாது, ஜவ்பர்."

"நீங்க அப்பியாசம் தாங்க மிஸ். சீசன் முடியட்டும். முடிஞ்சோடன நானே டொக்டர்ட்ட செல்றேன். வல்லாஹி, சத்தியமா."

நான் எழுதினேன்: கடற்றொழில்.

ஏன் என்று பலமுறை என்னையே கேட்டிருக்கிறேன். அவர்மேல் பரிதாபம் என்று சொன்னால் அழகாக இருக்கும். உண்மை அதுவல்ல. அந்த ஊருக்கு நான் வந்தேறி. வந்த புதிதில் சனம் என்னிடம் வருத்தத்தைத் தவிர வேறொன்றும் கதைக்காது. என் தமிழைக் கேட்டுச் சிரிப்பார்கள், பின்னால் போய்ப் பேசிக் காட்டுவார்கள். பிறகு பிறகு திரைக்குள்ளே கதைகள் வரத் தொடங்கின. ஊரைவிட்டு வந்தவளுக்கு இன்னோர் ஊர் தன் ரகசியத்தைச் சொல்கிறது என்பது சின்ன விஷயமில்லை. எனக்கு அது பிடித்திருந்தது. அந்தப் பெருமையை விட மனமில்லாமல் ஒரு மனிதரின் காலை விட்டுவிட்டேன்.

"கொஞ்ச நாளைக்கு இறங்காமல் இருங்கோ" என்று மட்டும் சொன்னேன். அவர் தலையாட்டினார். இறங்குவார் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

5. சித்திரை

நான்கு மாதங்கள் ஜவ்பர் வந்துபோனார். ஒரு கோளாறுமில்லாத முழங்காலுக்கு நான் சூட்டொத்தடம் வைத்தேன், தொடைக்கு அப்பியாசம் கொடுத்தேன். ஒவ்வொரு தரமும் இடுப்பைத் திருப்பிப் பார்ப்பேன். ஒவ்வொரு தரமும் கொஞ்சம் குறைவாகத் திரும்பும். பங்குனியில் அவர் செருப்புப் போடுவதற்குச் சுவரைப் பிடிக்கத் தொடங்கினார். முழுகுவதற்கு முன் நோவுக்கு ஒரு குளிசை விழுங்குவதாக அவரே சொன்னார். நான் ஏசினேன். அவர் சிரித்தார்.

"இன்னும் ஒரு மாசம்தான் மிஸ்."

சித்திரையில் இரண்டு கிழமை வரவில்லை. மூன்றாவது கிழமை ஒரு தடியை ஊன்றிக்கொண்டு நேரே கிளினிக்குக்கு வந்தார். படகைக் கரையில் இழுக்கும்போது இடுப்புக்குள் ஏதோ முறிந்த மாதிரி இருந்ததாம். அதன்பிறகு கால் ஊன்ற முடியவில்லை. டொக்டர் இடுப்புக்கு எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார்.

தொடக்கத்தில் சொன்ன எக்ஸ்ரே அதுதான். தொடையெலும்பின் தலை பந்து மாதிரி இருக்க வேண்டும். ஜவ்பருடையது ஒரு பக்கம் அமுங்கிப்போய் இருந்தது, காற்றுப் போன பந்தை யாரோ மிதித்துவிட்ட மாதிரி. கீழே தாங்க எலும்பில்லாமல் கார்டிலேஜும் உடைந்து உள்ளே இறங்கியிருந்தது. இடது பக்கத்திலும் வெள்ளையாக ஒரு நிழல் தொடங்கியிருந்தது.

டொக்டர் கேட்ட கேள்விக்கு நான் ஜவ்பரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். சொல்ல வேண்டாம் என்று அப்போதும் கண்ணால் சொன்னார்.

"சுழியோடி, சேர்" என்றேன் சிங்களத்தில். "கடலட்டைக்கு. பதினைந்து பாகம், நாளுக்கு நாலு தடவை."

"இன்றைக்குத்தான் சொன்னாரா?"

"இல்லை. மார்கழியில் சொன்னார்."

டொக்டர் கிளினிக் கார்டைத் திரும்ப எடுத்தார். என் எழுத்தில் இருந்த அந்த ஒரு சொல்லைப் பார்த்தார். பிறகு ஜவ்பரின் பக்கம் திரும்பி, நான் மொழிபெயர்ப்பதற்காக மெதுவாக, ஒவ்வொரு வசனமாகச் சொன்னார். எலும்பின் தலை செத்துவிட்டது. இனி அதைக் காப்பாற்ற முடியாது. மார்கழியில் எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்திருந்தால், முழுகுவதை நிறுத்தி, பாரம் குறைத்து, சிறிய ஒப்பரேசன் ஒன்றோடு மூட்டைக் காப்பாற்றியிருக்க வாய்ப்பிருந்தது. இனி முழு மூட்டையும் மாற்ற வேண்டும், அதுவும் கொழும்பில், வரிசையில் காத்திருந்து. மாற்றிய மூட்டும் ஆயுளுக்கும் வராது. இனி ஒருநாளும் சிலிண்டரோடு இறங்கக் கூடாது.

இந்தத் தடவை நான் எதையும் சுருக்கவில்லை. 'மார்கழியில்' என்று தொடங்கிய வசனத்தையும் அப்படியே சொன்னேன். என் வாயால் சொன்னேன். அதைவிட நீளமான வசனத்தை நான் அந்த அறையில் சொன்னதில்லை.

டொக்டர் என்னை ஏசவில்லை. அன்று மட்டுமல்ல, பிறகும் ஏசவில்லை. அடுத்த நோயாளியைக் கூப்பிடச் சொன்னார். ஏசியிருந்தால் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும்.

6. நிஹாரா

வெளியே வாங்கில் நிஹாரா இருந்தாள். ஜவ்பர் மருந்து எடுக்கிற வரிசையில் நின்ற நேரம் நான் போய் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். குமிழ், எலும்பு, மூட்டு, எல்லாம். அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள்.

"முழுகுறதாலதான் இது வந்ததுண்டு உங்களுக்கு முந்தியே தெரியுமா மிஸ்?"

"ஓம். நிச்சயமாய்த் தெரியாது. ஆனால் யோசிச்சனான்."

"அவரு செல்ல வாணாம்ண்டு கேட்டாரு. சரி. அவரு ஆம்புள, படகு படகுண்டுதான் நிப்பாரு. நான் இந்த வாங்குல நாலு மாசமா இரிந்தேனே மிஸ். எனக்கு மட்டும் செல்லியிருக்கலாமே. சிலிண்டர ஒளிச்சி வெச்சிருப்பேன். சண்ட புடிச்சாவது நிப்பாட்டியிருப்பேன்."

நாலு மாதமும் அவள் ஊற்றித் தந்த தேநீரைக் குடித்துக்கொண்டு, பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள் என்று விசாரித்திருக்கிறேன்.

"இப்ப பள்ளில பின்னால கதிரையிலதான் தொழுறாரு" என்றாள். "நெலத்துல நெத்தி வெச்சி சுஜூது செய்ய ஏலா. கெழவன்மாரோட வரிசையில இரிக்காரு. அத யாரும் பாத்துடக் கூடாதுண்டு எல்லாருக்கும் முந்திப் போறாரு, எல்லாரும் போன பொறகு வாறாரு."

அவள் அழவில்லை. பிளாஸ்கைப் பையில் வைத்து எழும்பினாள். அன்றைக்கு எனக்குத் தேநீர் ஊற்றவில்லை. அது நியாயம்தான்.

7. நம்பலாம் என்றார்கள்

என்மேல் ஜவ்பருக்குக் கோபமில்லை என்பதுதான் எனக்கு மிகவும் கஷ்டமாக இருந்தது. ஊன்றுகோலோடு அப்பியாசத்துக்கு வருவார். "நான்தானே மிஸ் செல்ல வாணாம்ண்டேன்" என்பார். அதுமட்டுமில்லை, கரையில் போய் என்னைப் பற்றிப் பெருமையாகவும் சொல்லியிருக்கிறார். டொக்டர் நேருக்கு நேர் கேட்கும்வரை மிஸ் ஒரு சொல் விடவில்லை, நம்பிச் சொல்லலாம் என்று. அது எனக்குத் தெரிய வந்தது அடுத்த சீசன் தொடங்கியபோது.

குறிஞ்சிப்பிட்டியிலிருந்து ஒருவர் வந்தார். நாற்பது வயதிருக்கும். ஹில்மி என்று வைத்துக்கொள்வோம். தோள் நோவு. கையைத் தலைக்கு மேலே தூக்க முடியவில்லை. திரையை நான் இழுப்பதற்கு முன்னரே அவர் இழுத்தார்.

"ஜவ்பர் தம்பி சென்னாரு. மிஸ்கிட்ட செல்லலாம், வெளிய போகாதுண்டு. நானும் முழுகுற ஆள்தான்."

"போகும்" என்றேன்.

அவருக்கு விளங்கவில்லை.

"இது டொக்டரிட்டைப் போகும். இப்ப, உங்களுக்கு முன்னாலேயே எழுதுறன். தோளுக்கும் இடுப்புக்கும் எக்ஸ்ரே எடுக்க வேணும். எடுத்து முடியுமட்டும் நீங்கள் இறங்கக் கூடாது."

தொழில் என்ற இடத்தில் 'சுழியோடி' என்று எழுதினேன். ஆழம் கேட்டேன். அவர் ஷேர்ட்டை எடுத்துப் போட்டார். நோகிற கையை அதற்குள் நுழைக்க நெடுநேரம் எடுத்தது. நான் உதவப் போனேன், விடவில்லை.

"ஜவ்பர் பொய் சென்னாரா?" என்று மட்டும் கேட்டார்.

"இல்லை. அப்ப நான் வேறை ஆள்."

போய்விட்டார். நான் கார்டை டொக்டரிடம் கொண்டுபோனேன். அவர் எக்ஸ்ரேக்கும் எம்.ஆர்.ஐ.க்கும் துண்டு எழுதித் தந்தார். இரண்டு கிழமை பார்த்தேன். ஹில்மி வரவில்லை. மூன்றாவது கிழமை ஒரு நாள் லீவு போட்டுவிட்டு, துண்டைக் கைப்பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். அப்படி ஒரு நோயாளியின் வீட்டுக்குப் போகலாமா என்று இப்போது படித்து வருகிறவர்கள் கேட்பார்கள். போகக் கூடாது என்றுதான் நினைக்கிறேன். போனேன்.

வீட்டில் அவருடைய மனைவிதான் இருந்தாள். அவர் கடலுக்குப் போயிருந்தார். கதிரை எடுத்துப் போட்டாள். நிஹாராவுக்குச் சொன்ன அவ்வளவையும், அதே ஒழுங்கில், ஒன்றையும் விடாமல் சொன்னேன். கடைசியில் துண்டைக் கொடுத்தேன். அவள் அதை விரித்துப் பார்த்தாள், மடித்தாள், திரும்ப விரித்தாள்.

"மிஸ், இதச் செல்லவா இவ்வளவு தூரம் வந்தீங்க? அவரு வந்தா ஏசுவாரே."

"ஏசட்டும்."

"எதுக்கு எனக்குச் செல்றீங்க?"

"முந்தி ஒரு ஆளுக்குச் சொல்லாமல் விட்டனான்" என்றேன்.

ஹில்மி எக்ஸ்ரேக்கு வந்தாரா என்று கேட்பீர்கள். நான் பென்சன் எடுக்கும்வரை வரவில்லை. அவர் மட்டுமில்லை. மிஸ்ஸிடம் சொன்னால் வீடுவரைக்கும் வரும் என்ற கதை கரை முழுக்கப் போய்விட்டது. அதன்பிறகு வந்த கடல்காரர்கள் எல்லாரும் வலை இழுக்கிறவர்களாகவே இருந்தார்கள். திரைக்குள்ளே யாரும் ஒன்றும் கதைக்கவில்லை. எனக்கு அது வலித்தது, இப்போதும் வலிக்கிறது. அவர்களை மல்லாக்கப் படுக்கவைத்து, காலை மடித்து, பாதத்தை வெளிப்பக்கம் திருப்புவேன். பாதியில் நின்றால், அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தொழில் என்ற அந்த வரியை நானே நிரப்புவேன்: சுழியோடி என்று சந்தேகம், இடுப்புக்கு எக்ஸ்ரே அவசரம். சிலர் என்னை ஏசிவிட்டுப் போனார்கள். சிலர் எக்ஸ்ரே எடுத்தார்கள்.